துவரம்பருப்பளவு தேங்காய் பன்

அந்த அக்காவிடம் ஒரு பேக்கரி இருந்தது. ஷூ டப்பா ஒன்றைப் படுக்கவைத்தால் எவ்வளவு இடமோ, மொத்தக் கடையும் அவ்வளவுதான். கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் தட்டுத் தட்டாகக் கிரீம் பன், தேங்காய் பன், முட்டை பப்ஸ், மேலே வரிசையாக பிஸ்கட் ஜாடிகள், ஓரத்தில் டீ மாஸ்டர் நிற்கும் மேடை, கல்லாவுக்குப் பின்னால் முதலாளி உட்காரும் குஷன் கிழிந்த ஸ்டூல். பன் ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். குன்றத்தூரில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த அறையில் ஒரே ஓர் அலமாரி. அதில் நடுத்தட்டு முழுவதையும் அந்தப் பேக்கரிக்கு எடுத்துக்கொண்டாள். என் சுடிதார்கள் கட்டிலுக்கடியில் ஒரு பையில் கசங்கிக் கிடந்தன. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம், எனக்கு வந்தவாசிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் செல்போனுக்கு உள்ளே போகும் போர்டுகளைச் செய்யும் ஒரு கம்பெனியில் இருவரும் ஒரே ஷிப்ட். எங்கள் பகுதியில் அப்போது எல்லாப் பெண்களும் ஓய்வு நாளில் துணி துவைப்பார்கள், தூங்குவார்கள், பூந்தமல்லிக்குப் போய் வளையல் வாங்குவார்கள். அக்கா பிரெட்டின் ஓரத்தை வெட்டிப்போட்டுவிட்டு நடுப்பகுதியை உதிர்ப்பாள். வெள்ளைப் பசையை ஊற்றிச் சப்பாத்தி மாவு பிசைவது போலப் பிசைவாள். காபி டிகாஷனைத் தொட்டுத் தொட்டு மேலே பழுப்பு ஏற்றுவாள். வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவினால் அது தேங்காய்த் துருவல். காது குடையும் குச்சிதான் கடையின் டியூப்லைட், ஊசி மருந்து பாட்டில்கள்தான் பிஸ்கட் ஜாடி. நகைக்கடை செய்யேன், கொஞ்சம் பளபளப்பாகவாவது இருக்கும் என்று நான் ஒரு தடவை கேலி செய்தேன். நகைக்கடையில் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருப்பார்கள், பேக்கரியில் எல்லாம் அப்படியே தெரியும் என்று பதில் சொன்னாள். அதற்கு மேல் காரணம் எதுவும் அவளிடமிருந்து வரவில்லை.

அவள் செய்தது ஏதோ ஒரு பேக்கரி இல்லை. மண்ணூர் பக்கம் எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இருந்த கடை அது. அங்கே என்ன இருந்ததோ அது இங்கே இருக்க வேண்டும், அங்கே இல்லாதது இங்கே வரக்கூடாது. ஷோகேஸின் உள்பக்கம் ஒரு தேனீ எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், அதையும் தீக்குச்சிக் கரியில் செய்து ஒட்டியிருந்தாள். பார்த்தாலே குமட்டுகிறது, எடுத்துவிடு என்றோம். நிஜக் கடையில் இருக்கிறதே என்றாள்.

இதனால் பட்ட அவமானங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கடையில் ஒரே ஒரு டீ வாங்கிக்கொண்டு ஷோகேஸையே வெறித்துப் பார்த்தபடி நிற்பாள், ஆள் பார்க்காத நேரத்தில் கண்ணாடியில் சாண் போட்டு அளப்பாள். முதலாளிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. உணவு ஆபீஸிலிருந்து சாம்பிள் எடுக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் போல. ஒருநாள் அவளைக் கண்டதும் ஒரு தட்டு பப்ஸை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இவள் சும்மா இருந்திருக்கலாம். கடை நிறைய ஷிப்ட் முடிந்த கூட்டம் நிற்கும்போது, நேற்றைய பப்ஸை உள்ளே எங்கே வைக்கிறீர்கள் அண்ணாச்சி, அந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்று சத்தமாகக் கேட்டாள். அவளுக்கு அது வெறும் விவரம். முதலாளி எங்கள் இருவரையும் இனிமேல் கடைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் தண்ணி டீ குடித்தோம்.

அடுத்தது வீட்டுக்கார அம்மா. கொலு வைப்பவர். எப்படியோ பேக்கரியைப் பார்த்துவிட்டு, கொலுவில் கீழ்ப்படியில் இதை வைத்தால் தெருவே வந்து பார்க்கும் என்று ஆசையாகக் கேட்டார். அக்காவுக்கும் சந்தோஷம்தான். கொலுவில் முட்டை ஆகாது என்பதுதான் சிக்கல்.

“முட்ட பப்ஸ வெஜிடபிள் பப்ஸுன்னு வெச்சிடும்மா. உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் அந்த அம்மா.

“எனக்குத் தெரியும்லா,” என்றாள் அக்கா. சொன்னதோடு விடாமல் ட்வீசரால் ஒரு பப்ஸைப் பிட்டும் காட்டினாள். உள்ளே பாதி முட்டை இருந்தது, மஞ்சள் கரு உட்பட. யாரும் பார்க்க முடியாத இடத்தில் அதைச் செய்து வைத்திருந்தாள். அந்த நவராத்திரி முழுவதும் வீட்டுக்கார அம்மா எங்கள் மாடிக்கு மோட்டார் போடுவதைத் தள்ளித் தள்ளிப் போட்டார். குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு படியேறும்போதெல்லாம் நான் அந்த மஞ்சள் கருவைத் திட்டினேன்.

எனக்கே அவள் ஒரு தடவை வேட்டு வைத்தாள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு நான் படத்துக்குப் போயிருந்தேன். லைன் லீடர் அவளிடம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். படத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். வந்து அவளிடம் சண்டை போட்டேன். அவர் கேட்டார், சொன்னேன் என்றாள். அதில் துரோகம் எங்கே இருக்கிறது என்று உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அந்த வாரத்தில் என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டவளும் அவள்தான். அவள்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாது, முழுசாக நம்பி ஒரு ரகசியம் சொல்லவும் முடியாது. அப்படி ஒருத்தியோடு ஒரே அறையில் இருப்பது நிம்மதியான காரியம் இல்லை.

அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் அது நடந்தது. எங்கள் ஷிப்டில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது, அக்காவின் பெயரும் அதில் உண்டு என்று லைன் லீடரே சொன்னார். அவளுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். ஊரில் அண்ணன் கெடு வைத்திருந்தான். வேலை நிரந்தரமானால் இருந்துகொள்ளலாம், இல்லையென்றால் பொங்கலுக்குள் ஊருக்குத் திரும்பி, பெண்டாட்டியை இழந்த ஓர் அரிசிக்கடைக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த ஆளைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ஆள் எப்படியோ தெரியாது, அந்த வீட்டில் தனக்கென்று ஓர் அலமாரித் தட்டு கிடைக்காது என்றாள். வேண்டாம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மழையில் அவளுடைய பன்கள் காயவில்லை. பசை நமுத்துப்போய், இரண்டு நாளில் பூஞ்சை பிடித்தது. ஒரு தட்டு தேங்காய் பன்னை மூன்று முறை செய்து மூன்று முறையும் குப்பையில் கொட்டினாள். எங்கள் அறையில் எதுவுமே காயாத காலம் அது, பனியன்கூட. ஆனால் அவள் வேலை செய்த இடத்தில் ஓர் ஓவன் இருந்தது. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் சின்னச் சின்னச் சிப்களுக்குள் ஏறிவிடும் என்பதால் அவற்றை ட்ரேயில் அடுக்கி, ஓவனில் வைத்துச் சூடாக்கி எடுத்துத்தான் லைனுக்கு அனுப்புவார்கள். அக்காவின் வேலை அந்த ஓவன். உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அது புரிந்தபோது அவள் அதை இரண்டு தடவை செய்து முடித்திருந்தாள்.

கொண்டுபோன விதத்தைக் கேளுங்கள். மாத்திரை தீர்ந்துபோன ஓர் அட்டையின் குழிகளில் குழிக்கு ஒரு பன்னாக வைத்து எடுத்துப்போவாள். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கும் செக்யூரிட்டி அக்காமார்கள் மாத்திரை அட்டைக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள், மாதத்தில் எல்லோருக்கும் அந்த நாள் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் மட்டும் ஒருத்தி இது என்ன என்று கேட்டாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பன் என்றாள் அக்கா. செக்யூரிட்டிக்காரி சிரித்து, உனக்குக் குசும்பு ஜாஸ்தி என்று முதுகில் தட்டி உள்ளே விட்டாள்.

சிப் போகிற ஓவனில் பசையும் நூலும் வைக்கலாமா என்று நான் அன்றே கத்தினேன். மூலையில் தனியாக வைக்கிறேன், எதையும் தொடாது என்றாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறை முழுவதையும் கூட்டிக்கொண்டிருந்தாள். பாயை உதறினாள், குப்பையைக் கையால் அளைந்தாள். என்ன என்று கேட்டேன்.

“ஒரு பன்னக் காணல,” என்றாள்.

மறுநாள் லைன் நின்றது. ஒரு போர்டின்மேல் ஏதோ ஒட்டியிருப்பதைக் கேமரா பிடித்துவிட்டது. போர்டில் ஒரு முடி கிடந்தாலே ரகளை ஆகும் இடம் அது. ஷிப்டில் இருந்த பெண்கள் எல்லோரையும் ட்ரெயினிங் ரூமில் உட்காரவைத்தார்கள். குவாலிட்டி மேனேஜர் வந்து விளக்கை அணைத்து, அந்தப் பொருளின் படத்தைத் திரையில் போட்டார். சுவரில் பாதி அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை. யாரோ லைனில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறீர்கள், இது அந்தத் தூள் என்றார். அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் பார்வை ரேவதிமேல் நின்றது. ரேவதி வடக்குப்பட்டுப் பெண், கான்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்தவள். ஓவனிலிருந்து வரும் ட்ரேக்களை லைனில் ஏற்றுவது அவள் வேலை. முன்பு ஒரு தடவை சட்டைப்பையில் கடலைமிட்டாய் வைத்திருந்து மாட்டிக்கொண்டவள் வேறு. லைனில் தின்றாள் என்று இங்கிருந்து துரத்திவிட்டால், ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனியிலும் அவளை ஏற்றமாட்டான். எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

“சத்தியமா நான் துன்னல சார். எங்கம்மா மேல சத்தியமா,” என்று அந்தப் பெண் நடுங்கினாள்.

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். உட்கார், வாயைத் திறக்காதே என்று காதோடு சொன்னேன். ரேவதிக்கு அப்புறம் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவளுக்கு ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, வயசும் இருக்கிறது. அக்காவுக்கு வேலை போனால் போனதுதான். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் அக்கா நான் சொன்னதைக் கேட்கவில்லை, ரேவதியையும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பன்னை அவ்வளவு பெரிதாகப் பார்க்கிறாள். மேல்தோலில் வந்த மினுமினுப்பு, நூல் துருவல், ஓரத்தில் விட்டிருந்த சின்ன வெடிப்பு எல்லாம் தெரிந்தன.

என் கையை விலக்கிவிட்டு எழுந்தாள்.

“சார், அது பிஸ்கட் இல்ல, தேங்கா பன்னு. நான் செஞ்சது. அடிப்பக்கம் சரியாக் காயல, பாருங்க. அதான் ட்ரேயில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சீனியர் பெண் ஜூனியர் பெண்ணைக் காப்பாற்றக் கதை விடுகிறாள் என்றுதான் நினைத்தார். இந்த அளவில் ஒருத்தி பன் செய்தாள் என்பதை யார்தான் நம்புவார்கள்? அப்படியென்றால் மீதியை நாளைக் காலையில் கொண்டுவா, இல்லையென்றால் அவளும் வெளியே, பொய் சொன்னதற்கு நீயும் வெளியே என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவர் நம்ப மறுத்தது அதிர்ஷ்டம், நாளைக்குப் பேக்கரிப் பெட்டியைக் கொண்டுபோகாதே, தவறிப்போய்ச் சொல்லிவிட்டேன் மன்னியுங்கள் என்று காலில் விழு, நீ செய்தது என்று நிரூபணம் இல்லாவிட்டால் திட்டோடு விட்டாலும் விடுவார்கள், நிரூபித்துவிட்டால் பொங்கலுக்குள் உனக்குக் கல்யாணம் என்றேன். ரேவதி அவள் நிறுத்தத்தில் இறங்கி, எங்கள் ஜன்னலுக்குக் கீழே மழைத்தூறலில் நின்று மேலே பார்த்தாள். பஸ் நகரும் வரை நின்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

“நெசமாச் சொல்லு, ரேவதிக்காக எழுந்தியா, அந்த ஆளு பிஸ்கட்டுன்னு சொன்னதுக்காக எழுந்தியா?” என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ள திங்கல. அது பிஸ்கட்டும் இல்ல. ரெண்டையும் சேத்துல்லா சொல்லுதாரு,” என்றாள். எது பெரிது என்று அவள் பிரித்துச் சொல்லவே இல்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை அவள் பேக்கரியைத் துப்பட்டாவில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அதைத் தட்டிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு தள்ளு போதும், எல்லாம் தூளாகிப் போய்விடும், வேலை மிஞ்சும். என் கை எழவில்லை. அதில் மஞ்சள் கரு இருந்தது, தேனீ இருந்தது, அதையெல்லாம் நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன்.

கேட்டில் பெட்டியை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வெளிப்பொருளுக்கு அனுமதி இல்லை. குற்றத்தை நிரூபிக்கக் கொண்டுவந்த சாமான் என்று செக்யூரிட்டிக்கு எப்படி விளக்குவது? போன் போட்டார்கள். கடைசியில் மேனேஜரும் எச்ஆர் மேடமும் கேட்டுக்கே வந்தார்கள். பைகளைச் சோதிக்கும் மேஜையில் பெட்டியை வைத்து அக்கா மூடியைத் திறந்தாள்.

சுற்றி நின்ற எல்லோரும் குனிந்தார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழங்காலை மடித்து உட்கார்ந்தே பார்த்தார். உள்ளே போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரியின் டிரைவர்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். இது மண்ணூர் கடைதானே, இந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார் மேனேஜர், யாரிடமும் சொல்லாத குரலில். அவ்வளவு நாளில் அந்தப் பேக்கரியை அத்தனை பேர் அவ்வளவு மரியாதையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

தேங்காய் பன் தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. மேனேஜர் பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தப் பன்னை எடுத்துக் கொடுத்தார். அக்கா ட்வீசரால் வாங்கி வைத்தாள். பக்கத்துப் பன்களோடு ஒட்டி உட்கார்ந்தது. அதே நிறம், அதே துருவல்.

எங்கே காயவைத்தாய் என்று கேட்டார் மேனேஜர். நம் ஓவனில் என்றாள். எச்ஆர் மேடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவர் கேட்டதுதான் என்னை உறையவைத்தது. உள்ளே எப்படிக் கொண்டுபோனாய்?

அன்றைக்கு முதுகில் தட்டி உள்ளே விட்ட செக்யூரிட்டிக்காரி மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா அவளை ஒரு முறை பார்த்தாள். எனக்கு அக்காவைத் தெரியும், பன் என்று சொன்னேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டாள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“மாத்திர அட்டையில வச்சு,” என்றாள் அக்கா. அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

நானறிய, இருந்த ஒன்றை அவள் வைக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ரேவதியை லைனுக்குப் போகச் சொன்னார்கள். அவள் கார்டைத் தேய்த்து உள்ளே போகும்போது திரும்பிப் பெட்டியைத்தான் பார்த்தாள், அக்காவை இல்லை. மேனேஜர் எழுந்து, கஸ்டமருக்கு ரிப்போர்ட்டோடு அனுப்ப வேண்டும், தப்பாக நினைக்காதே என்று சொல்லி, தட்டிலிருந்து அந்தப் பன்னைத் திரும்ப எடுத்துக் கவருக்குள் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து கொண்டுவந்த காகிதத்தில் அக்கா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். தானாகவே வேலையை விடுவதாக எழுதியிருந்தார்கள். அவள் அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். பொய்யென்று தகராறு செய்வாள் என்று பார்த்தேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காகிதத்தை வாங்கி மடித்த பிறகும் மேடம் போகவில்லை. இன்னொரு தடவை பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

“எம் பொண்ணுக்கு இந்த மாதிரி பொம்மைன்னா உசுரு. அவளுக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பியாம்மா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, மனதாரத்தான் கேட்டார்.

அக்கா மூடியை மூடித் துப்பட்டாவை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“செய்யலாம் மேடம். காயப் போட ஓவன்தான் இல்ல.”